ஐந்து கால் மான்

என் அக்காவின் கணவருக்கு ஊர் வைத்த பெயர் ‘கையெடு’. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை.

மேய்ச்சல் வெளியின் நடுவே லாரி அளவுக்குக் கிடக்கும் ஒரு பாறைக்கு அவர் காவல்காரர். எழுத்தே இல்லாத காலத்து மனிதர்கள் அதில் மாடுகளையும், கைகோத்து நிற்கும் ஆட்களையும், வட்டங்களையும் கல்லால் கொத்தி வைத்திருக்கிறார்கள். பல ஆயிரம் வருடம் இருக்குமாம். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அவை கண்ணுக்குப் புலப்படும். பார்க்க வருகிறவர்களோ சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு உச்சி வெயிலில் வந்து நிற்பார்கள். ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தடவிப் பார்க்கக் கை நீளும். உடனே தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன அறையிலிருந்து "கையை எடுங்க!" என்று ஒரு சத்தம் வரும். இருபத்தெட்டு வருடத்தில் மனிதர் அதிகம் பேசியது அந்த இரண்டு வார்த்தையைத்தான். அவரும் ஒருநாள்கூட அந்தப் பாறையைத் தொட்டதில்லை.

தொல்லியல் துறை அவருக்கு ஒரு பதிவேடு கொடுத்திருந்தது. தேதி, சேதம், செய்தவர், நடவடிக்கை என்று நாலு கட்டம். காதலர்கள் கீறிய பெயர்கள், அம்பு விட்ட இதயங்கள், வேலையற்றவர்கள் எழுதிய வசவுகள் என ஒரு கீறலையும் அவர் விட்டதில்லை. நடவடிக்கைக் கட்டத்தில் ‘எச்சரித்து அனுப்பினேன்’ என்று முத்து முத்தாக எழுதுவார். எவனாவது தாளைக் கிழித்துவிடுவான் என்று பக்கங்களுக்கு எண் வேறு போட்டு வைத்திருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, பள்ளி விடுமுறை நாளொன்றில் அப்பாவோடு பாறைக்குப் போனாள். அவர் குடிதண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, ஓர் ஆணியை எடுத்துப் பாறையின் கீழ்மூலையில் மான் வரைந்துவிட்டாள். உள்ளங்கை அளவு மான். ஐந்து கால். அவர் வந்து பார்த்து, பளாரென்று அறைந்தார்.

அவள் வாழ்நாளில் வாங்கிய ஒரே அடி அது. அன்று மாலை, கன்னத்தில் விரல் தடத்தோடு என்னிடம் வந்து, "மாமா, அவங்க எல்லாரும் பாறை பூரா வரைஞ்சிருக்காங்களே, அவங்களை யாரு அடிச்சாங்க?" என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டே மாதத்தில் காய்ச்சல் வந்து, எங்களை விட்டுப் போய்விட்டாள்.

அந்த அடிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். அடித்தவர் காதில் அது ஏறவில்லை. அக்கா சண்டை ஏதும் போடவில்லை. பாறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக அவருடைய மதியச் சாப்பாடு என் பால் வண்டியில்தான் போகிறது. எனக்கு அவர்மேல் தீராத கோபம். ஆனால் எப்போது போனாலும் அந்தக் கீழ்மூலைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் கோபத்தை எப்படிக் காட்டுவது?

போன மாதம் துறையிலிருந்து கடிதம் வந்தது. பிற்காலத்துக் கீறல்களையெல்லாம் பசை வைத்து அடைத்து, பாறையின் நிறத்துக்கே கொண்டுவரப் போகிறார்கள். பதிவேட்டில் இருப்பவை எல்லாம் பிற்காலத்தவை. பதிவேட்டைத் தயாராக வைக்கவும் என்றிருந்தது.

"மாமா, பாப்பா வரைஞ்சதையுமா எழுதி வச்சிருக்கீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"எழுதாம எப்படி?"

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"பக்க நம்பர் இருக்கு மாப்ள."

"அந்த நம்பரையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். உண்மையிலேயே அழுதிருப்பார் என்று பாதி வழியில்தான் உறைத்தது.

குறித்த நாளில் ஓர் இளம் பெண் அதிகாரியும் இரண்டு வேலையாட்களும் வந்தார்கள். பதிவேட்டைப் பார்த்து அதிகாரி படிக்கப் படிக்க, பெயர்களும் இதயங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. நானும் பால் கேன்களை மறந்து அங்கேயே நின்றிருந்தேன்.

"மான் ஒன்று, ஆணியால். செய்தவர், என் மகள், வயது எட்டு. நடவடிக்கை..." அந்தப் பெண் சற்று நிறுத்தினாள். "அடித்தேன்."

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"இல்லம்மா," என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பதிவேட்டை மூடினாள். "குழந்தை வரைஞ்சதுதானே. என் கண்ணுல படலைன்னு வச்சுக்கலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரோ வேண்டாமென்று தலையை ஆட்டினார். "அடுத்தவங்க பிள்ளைங்க கிறுக்கினதை எல்லாம் அழிச்சாச்சு. எம் பொண்ணுதை மட்டும்..." பிறகு மெல்லச் சொன்னார். "அவ அம்மா ஒரு தடவை வந்து பாத்துடட்டும். அது போதும்."

அக்கா வரமாட்டாள் என்று நினைத்துத்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பாறை முன்னால் மண்டியிட்டு, விரலைக் கீறலில் வைத்து, மூக்கிலிருந்து வால்வரை மெதுவாக ஓட்டினாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை.

"அஞ்சு கால் போட்டிருக்கா பாரு," என்று சிரித்தாள் அக்கா. அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "எண்ணக்கூடத் தெரியலையா எம் பொண்ணுக்கு?"

"தெரியும்," என்றார் அவர். "‘இது ஓடுற மான்ப்பா, ஓடும்போது கால் நிறையத் தெரியும்’னு சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதைக் கேட்டதுக்கப்புறம்தான் அடிச்சேன்."

இத்தனை வருடம் அவர் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அக்கா அவரையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, மானின் மேல் வைத்தாள். அது முழுதாக அவர் உள்ளங்கைக்குள் மறைந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வேலையாள் குழைத்த பசையோடு நெடுநேரம் காத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"ஐயா, பசை இறுகுது," என்றார். "கையை எடுங்க."