முன்சக்கரம் சுற்றியபோது

அந்த வட்டாரத்தில் மெக்கானிக்கை எல்லோரும் ‘காது’ என்றே கூப்பிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் சத்தத்தைக் கேட்பார். ஒரு நட்டைக்கூடத் தொடாமல் கோளாறைச் சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் பட்டறை வாசலில் வேடிக்கை பார்க்க ஆளுக்குக் குறைவில்லை. ஆள் சேர்ந்தால் அவர் குரலும் கொஞ்சம் ஏறும்.

அன்று காலை அவர் தங்கையின் கணவர், தன் பழைய மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். முன்சக்கரம் அசையவே இல்லை. பின்னால் தங்கை, முழங்கையில் கட்டோடு. முந்தின நாள் சாலையில் முன்பிரேக் தானாகப் பிடித்து இருவரும் விழுந்திருந்தார்கள்.

காது குனிந்து, ஸ்பேனரால் முன்சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் காலிபரைத் தட்டிப் பார்த்தார்.

“பிஸ்டன் துரு ஏறி இறுகிடுச்சு. மழையில நிக்க வெச்சா வேற என்ன ஆகும்? பொண்டாட்டிய கீழ தள்ளிட்டு வந்து நிக்கிறீங்களே மாப்ள, வெக்கமா இல்ல?”

“அப்படியே மாப்பிள்ளையையும் சர்வீஸ் பண்ணி விடுப்பா!” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து டயர் கடைக்காரர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டார்.

“அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் தங்கை, கணவர் முகத்தைப் பார்க்காமலே.

கூட்டம் கலைந்தபின் காது காலிபரில் பிரேக் எண்ணெயை வெளியே விடும் நிப்பிளைத் தளர்த்தினார். எண்ணெய் சர்ரென்று பீறியது. கையால் தள்ளியதும் சக்கரம் லேசாகச் சுற்றியது. பிஸ்டன் இறுகியிருந்தால் சுற்றியிருக்காது. அப்படியென்றால் கோளாறு மேலே. எண்ணெய் திரும்பிப் போக வழியில்லாமல் குழாயில் அடைபட்டிருக்கிறது.

ஹேண்டில்பாரில் இருந்த பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே ரப்பர் ஊறி உப்பிக் கிடந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். என்ஜின் ஆயில். அது பட்டால் பிரேக் ரப்பர் உப்பி, எண்ணெய் திரும்பும் வழியை அடைத்துவிடும்.

கண் தானாக அலமாரிக்குப் போனது. காலியான பிரேக் ஆயில் பாட்டிலைத் தூக்கிப்போட மனம் வராமல் அதில் என்ஜின் ஆயிலை ஊற்றி வைப்பது அவர் வழக்கம். போன வாரம், வேறு எவருடைய வண்டியையோ பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, பார்க்காமல் கையை நீட்டி எடுத்து, சர்வீஸுக்கு வந்திருந்த இந்த வண்டியில் ஊற்றியிருக்கிறார்.

சுத்தம் செய்து, ரப்பரையெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தங்கை கட்டுப்போட்ட கையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள்.

“மாப்ள… பிஸ்டன் இல்ல. நான்தான். பாட்டில மாத்தி ஊத்திட்டேன்.”

மாப்பிள்ளை வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “சரி விடுங்க மச்சான். வெளிய சொல்லிக்க வேணாம். உங்க பொழப்பு இது.”

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது காதுக்கு.

தங்கை விடவில்லை. “எங்ககிட்ட மட்டும் ரகசியமா சொல்றியா அண்ணே? நீ திட்டினத தெருவே கேட்டுச்சே. நானும்ல கூட சேர்ந்துக்கிட்டேன்.”

காது அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். காலையில் சிரித்தவர்களில் பாதிப் பேர் டயர் கடையில்தான் இருந்தார்கள். குறுகிய தெருதான், கடந்து முடிய மாட்டேன் என்றது.

“என்ன காது, பிஸ்டன் கழண்டுச்சா?”

“மாப்ள மேல தப்பில்ல…”

முனகலாகத்தான் வந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் காதருகே கையைக் குவித்து, “கேக்கல, சத்தமா சொல்லு” என்றார்.

மறுபடியும், முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னார்.