மேட்டில் ஏறிய பெண்கள்

முஸ்னாவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு ஆத்திரந்தான் வருகிறது. அவள் மேல் இல்லை. எங்கள் ஹத்ரமவுத்துப் பள்ளத்தாக்கில் எப்போதாவது காட்டாற்றில் இறங்கிவரும் வெள்ளத்தை நம்பித்தான் சோளம். மலையில் மழை என்று சேதி வந்ததும் பள்ளிவாசல் மோதினார் ஒலிபெருக்கியில் சொல்வார். ஆண்கள் மண்வெட்டியோடு ஓடி அவரவர் மடையைத் திறப்பார்கள். தண்ணீர் வரும்போது மடை மூடிக்கிடந்தால் அவன் முறை போயிற்று, தண்ணீர் கீழ்க்கொல்லைக்காரனுக்கு. பாட்டன் பூட்டன் காலத்துச் சட்டம் இது.

இனி வரும் வெள்ளம் ஆளையே அடித்துப்போகும் என்று சொல்லி நிவாரணக்காரர்கள் முஸ்னாவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரி, நாலெழுத்துப் படித்தவள். வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் தொணதொணத்தாள். ஒலிபெருக்கி கேட்டதும் பிள்ளைகளோடு, இறந்தவர்களை அடக்கும் கபுருஸ்தான் மேட்டுக்கு ஏறவேண்டும், அடுப்பில் ரொட்டி கருகினாலும் திரும்பக்கூடாது.

"நகைய எடுத்துக்கலாமாடி?" என்று கேட்டேன்.

"உங்க நகை எனக்குத் தெரியாதாக்கா, அந்தத் தோடுதானே. அது காதுலயே கெடக்கட்டும்" என்றாள்.

ஆண்களிடம்தான் அவளால் பேச முடியவில்லை. அயல் ஆண்கள் முன்னால் நின்று ஒரு பெண் பாடம் நடத்த எங்கள் ஊர் விடுமா? 'எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க' என்று மோதினாரை அறிவிக்கச் சொல்லுங்கள் எனத் தன் புருஷன் அவத்திடம் கெஞ்சினாள். சுவருக்கு இந்தப்பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் மேட்டுல குந்திக்கிட்டிருந்தா நம்ம தண்ணிய அடுத்தவன் கொண்டுபோயிருவான். வருஷம் பூரா என்னத்தத் தின்கிறது, உன் பாடத்தையா?"

"தண்ணி போனாப் போகட்டும், சாலிஹ் வாப்பா. நீங்க இருந்தாப் போதும்."

"சரி சரி, சொல்றேன்" என்றான். சொல்லவில்லை. சொல்லியிருப்பான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். "வெள்ளம் வருது, அல்லா பரக்கத்தா ஆக்கட்டும்" என்று மோதினார் பழையபடியே கூவினார். பெண்கள் நாங்கள் முஸ்னா சொன்னபடி ஒருத்தி பாக்கியில்லாமல் மேட்டில் ஏறிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் ஆண்கள் கேலியும் சிரிப்புமாகக் கொல்லைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவத் முன்னால் போனான். முஸ்னா தொண்டை கிழியக் கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம். தண்ணீர் வந்தபோது மடையும் வரப்பும் ஆட்களும் ஒன்றாகப் போனதை எங்கள் பிள்ளைகளும் பார்த்தார்கள். மேட்டில் ஏறாமலிருந்தால் அதையாவது பார்க்காமல் செத்திருப்போம், பாவிகள்.

பிறகு நிவாரணக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ சேதமில்லை, பயிற்சி வெற்றி என்றார்கள்.

மடையையும் வரப்பையும் பெண்கள் நாங்களே திரும்பக் கட்டினோம். மறுவருடம் மோதினார் சரியாகவே சொன்னார், மேட்டுக்கு ஏறுங்கள் என்று. பாதி ஏறியபோது முஸ்னா தன் பிள்ளைகளை என்னிடம் தள்ளிவிட்டுத் திரும்பினாள். கையைப் பிடித்தேன்.

"எங்கடி போற?"

"மடையத் தெறக்கணும்க்கா."

"ஊருக்கே சொன்னவ நீயே போனா எப்படிடி?"

"இந்த வருஷமும் சோளம் இல்லேன்னா இதுங்க எப்படியும் செத்துரும். விடுங்க."

கையை விட்டுவிட்டேன். அன்று தண்ணீர் முழங்காலளவுதான் வந்தது, பிழைத்தாள். இப்போதும் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்கிறாள். வெள்ளம் என்றதும் மடையைத் திறக்கக் கீழே இறங்குகிறாள். நான் மேட்டில் நின்று அவள் பிள்ளைகளின் முகத்தை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன்.