கடைசிக் கோடு

என் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கிறது. ஓரத்தில் பத்துக் கோடுகள் பென்சிலில். பதினோராவது மட்டும் பேனாவில்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் காவல் வேலை எனக்கு. ஆபீசை நடத்திய எங்கள் அண்ணாச்சி ஓய்வு நேரத்தில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். கால்வாயில் தண்ணீர் எப்போது வரும் என்று வயல்காரர்களுக்குப் போனில் சொல்வது. கடைமடையில் எனக்கும் ஒரு துண்டு வயல் உண்டு. எங்கெங்கோ இருந்து இன்டர்நெட் வழியாகச் சம்பளமில்லாமல் உதவி செய்ய ஆட்கள் வருவார்கள். தங்கள் கம்ப்யூட்டரில் அதை ஓட வைத்துச் சோதிக்கத் தெரியாமல் முதல் நாளே போய்விடுவார்கள். அதற்கான குறிப்பு அண்ணாச்சி தலைக்குள் கிடந்தது. ஒருநாள் அதைத் தாளில் எழுதி, அதன்படி செய்து பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

"ஒண்ணும் தெரியாத ஆளுதான் வேணும் வே. எங்கன முட்டுதோ அங்கன ஒரு கோடு போடும்."

எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடித்ததும் திரை பதில் சொன்னது. முட்டிய இடமெல்லாம் கோடு போட்டேன். ஓர் இடத்தில் 'நேம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அப்படியே அடித்தேன். திரையெல்லாம் சிவப்பு எழுத்து. கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அணைத்துவிட்டேன். அங்கே கோடு போடவில்லை. முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி பத்து இடத்தையும் திருத்தி வெளியிட்டார். அடுத்தடுத்து மூன்று பேர் வந்தார்கள், போனார்கள். ஏன் என்று ஒருவரும் எழுதவில்லை.

"இந்த மாசம் பாப்பேன். பெறவு மூடிர வேண்டியதுதான்" என்றார்.

வயல் ஞாபகம் வந்தது. தாளை வாங்கி, மேசையில் கிடந்த பேனாவால் 'நேம்' பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். அங்கே அவரவர் பெயரை அடிக்க வேண்டுமாம்.

"ஏன்வே அன்னைக்கே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு அண்ணாச்சி."

சிரித்துவிட்டார். "நீரு வெக்கப்பட்ட எடத்துலதாம்வே அவனுவளும் எந்திச்சுப் போயிருக்கானுவ."

அன்றே குறிப்பு முழுவதையும் பிரித்தார். உருவாக்குவது ஒரு பக்கம், சோதிப்பது ஒரு பக்கம். ஒவ்வொரு படிக்கும் கீழே, சரியாக வந்தால் திரையில் என்ன தெரியும் என்று எழுதினார். 'நேம்' இருந்த இடத்தில் எடுத்துக்காட்டுக்கு என் பெயரைப் போட்டார். அடுத்து வந்தவர் போகவில்லை.

அண்ணாச்சி இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். புரோகிராமை யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்று காலையிலும் போன் அடித்தது. நாளை தண்ணீர் வருமாம். தாளை எடுத்துப் பார்த்தேன். பேனாக் கோடு இன்னும் மங்கவில்லை. அப்படியென்றால் முகம் தெரியாத யாரோ, அந்த இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை அடித்திருக்கிறார்.