பதினோரு பேர் கோலாட்டம்

மூட்டுவலி மாத்திரை வாங்கத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். பொங்கல் கோலாட்டச் சத்தம் கேட்டு நின்றுவிட்டேன். பதினாறு பிள்ளைகள், எட்டு ஜோடி. எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஐம்பதுகளில் இதே தெருவில் நாங்கள் பன்னிரண்டு பேர். என் ஜோடி அக்கா செல்லம். அந்த வருடம் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், தன் கோல்களையும் எடுத்துப்போயிருந்தாள்.

ஆட்டம் சொல்லிக்கொடுத்த ராசு அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். "ஜோடி இல்லாட்டி என்னடா? அவ முறை வர்றப்ப உன் கோலையே தட்டிக்க. அவ எடத்துல மட்டும் யாரையும் விட்றாத" என்றார்.

பொங்கலன்று மேளம் தொடங்கியது. கரும்புச் சக்கை காலில் குத்தியது. அறுபத்து நான்கு தட்டும் தவறாமல் ஆடினால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

"காத்து கூடவாடா ஆடுற?" என்று பக்கத்தில் ஆடிய மணி சிரித்தான். நான் எண்ணிக்கையை விடவில்லை.

முடிந்ததும் திரும்பினேன். அப்பா கூட்டத்தில் நின்றார். அவர் கையில் அக்காவின் கோல்கள்.

"ஒன்னுகூட தப்பலப்பா" என்றேன்.

"ம்" என்றார். காலையிலேயே அவள் உயிர் போய்விட்டதாம்.

இன்று ஒரு சிறுமி பாதி ஆட்டத்தில் கோலைத் தவறவிட்டாள். சிரித்துக்கொண்டே எடுத்து மறுபடி சேர்ந்துகொண்டாள். ஆட்டம் நிற்கவில்லை. நான் மாத்திரை வாங்கப் போனேன்.