டாலிகஞ்ச் பம்பின் மூன்றாவது டேங்க்

டாலிகஞ்சில் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் பம்பை, குத்தகை முடிந்ததால் மூடினார்கள். பூமிக்குள் இருந்த மூன்று டேங்குகளையும் எடுத்து, அடிமண் கெட்டிருக்கிறதா என்று சோதித்து, நிலத்தை ஒப்படைக்கும் வேலை எண்ணெய் நிறுவன அதிகாரியான என்னிடம் வந்தது. கோப்பைத் திறக்காமலே இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன்.

காரணம், மூன்றாவது டேங்க். பல வருஷங்களுக்கு முன் அதற்குக் கசிவுச் சோதனை நடத்தியது நான்தான். காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, ஆறு மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று அரை மணிக்கொரு முறை பார்த்து எழுத வேண்டும். நாலு மணி நேரம் கழிந்தபோது மகனின் பள்ளியிலிருந்து போன். கடும் ஜுரம். ஓடினேன். மீதி அளவுகளை ஒப்பந்தக்காரர் போனில் சொன்னார். நானே பார்த்ததுபோல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் பம்பின் பின்சுவரை ஒட்டிய வீட்டுப் பெண்மணி வந்தார். வங்காள வழக்கப்படி அவரை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு வங்காளம் அவ்வளவு சரளமாக வராது. என்னை திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் அவர் மெதுவாகப் பேசுவார்.

"திதி, காலைல குழாய்க் கிணத்துல தண்ணி அடிக்கும்போது பெட்ரோல் வாடை வருது."

"டேங்கைச் சோதிச்சாச்சு பௌதி. ஒழுகல."

நம்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்க்கவே எனக்குக் கூசும்.

டேங்குகளைக் காலிசெய்து, உள்ளே வாயு இல்லையென்று மீட்டரில் உறுதிசெய்த பின், ஜேசிபி தோண்டியது. மழையில்லாத மார்கழியிலும் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. கிரேன் சங்கிலியில் மூன்றாவது டேங்க் எழும்பியபோது அதன் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் கிடத்தச் சொல்லி, அடிப்பக்க வெல்டிங் முழுவதையும் கையால் தடவினேன். துரு உதிர்ந்தது. ஓட்டை இல்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்த மேஸ்திரி, "இன்னும் பத்து வருஷம் தாங்கும் மேடம்" என்றார்.

ஆனால் ரோட்டோரம், லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் குழாயின் இணைப்பில் மண் கறுத்திருந்தது. மீட்டர் கீச்சிட்டது. பரிசோதனைக்கு வந்த மண் பொறியாளரிடம், பௌதி வீட்டுச் சுவரோரம் கூடுதலாக இரண்டு இடத்தில் துளைக்கச் சொன்னேன். பௌதியின் கிணற்றுத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டோம். கண்ணாடிக் குப்பிகள் ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்குப் போயின.

முடிவு வரப் பத்து நாள். வீட்டில் சாதம் இரண்டு முறை அடிப்பிடித்தது. கடைசியில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முடிவு எப்படி வந்தாலும் அந்தம்மாகிட்ட சொல்லிடு. இத்தனை வருஷமா நீ சுமந்தது போதும்" என்றார்.

பதினோராம் நாள் அறிக்கை வந்தது. மூன்றாவது டேங்குக்கு அடியில் மண் சுத்தம். சுவரோரமும் சுத்தம். கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோலின் சுவடே இல்லை. கெட்டது இணைப்புக்குக் கீழே ஒரு கட்டில் அகல மண் மட்டும்தான். லாரி காலையில் எண்ணெய் இறக்கும்போது, பௌதி வீட்டுச் சுவரோரம் நிற்கும், டேங்குகளுக்கான காற்றுக்குழாய் வழியாக வந்த ஆவிதான் அந்த வாடை என்றார் பொறியாளர்.

அறிக்கையோடு பௌதி வீட்டுக்குப் போனேன். நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, அன்று நடந்ததையும் சொன்னேன்.

அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டார். "இத்தனை வருஷமும் அந்தத் தண்ணியிலதான் சமைச்சேன், திதி. நீங்க சொன்னதை நம்பி."

"தப்புதான் பௌதி."

அறிக்கையை இரண்டு தரம் படித்தார். பிறகு, "பையனுக்கு அன்னிக்கு என்ன ஜுரம்?" என்று கேட்டார்.

"டெங்கு."

"அடக் கடவுளே" என்று எழுந்து தேநீர் போடப் போனார்.

பழைய சோதனையைப் பற்றி அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வரட்டும். கறுத்த மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போக நியூ டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும். நடத்துநர் தோளைத் தட்டியபோது என் நிறுத்தம் தாண்டி, விமான நிலையம் கிட்ட வந்திருந்தது. அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது.