சூயஸ் வழியே வராத தாள்

திருத்தங்கல் காலண்டர் அச்சகம் ஒன்றில் காகிதம் வரவழைப்பது பாண்டிலட்சுமியின் வேலை. கடலையே பார்க்காதவள்; ஆனால் சூயஸ் கால்வாய் அவளுக்கு அத்துப்படி. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் எகிப்தில் அதை வெட்டிய பிறகுதான் கப்பல்களுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றும் பாடு ஓய்ந்தது. சாமிப் படங்களுக்கான ஐரோப்பியத் தாளும் அந்த வழியேதான் வந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் கால்வாயைத் தாண்டியதும் வரும் செங்கடலில் சண்டை. கைபேசி வரைபடத்தில் அவளுடைய கப்பல் பழையபடி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆடிப் பதினெட்டுக்குள் அடுத்த வருடக் காலண்டர் படங்களின் மாதிரி ஆல்பம் ஏஜென்டுகளுக்குப் போகாவிட்டால், வருட ஆர்டரே வேறு கம்பெனிக்குப் போய்விடும். உட்கார முடியாமல் அவள் குடோனுக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

“டவுன் பஸ் கணக்கா ஊரெல்லாம் சுத்திட்டு வருதாம்மா ஒன் கப்பலு?” என்றார் முதலாளி சோலைமலை.

குடோன் மூலையில், கலர் பார்ப்பதற்காக அடித்துக் கழித்த போன வருடத் தாள்கள் கிடந்தன. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அண்ணாச்சி, இந்த வெறும் பக்கத்துல புதுப் படத்தை அடிச்சிருவோம்.”

“திருப்பிப் பாத்தா போன வருஷ முருகன்ல நிப்பாரு?”

“ரெண்டு ரெண்டா ஒட்டிட்டா அவரு உள்ளயே இருந்துக்கிடுவாரு.”

ஆடிப் பதினெட்டன்று ஏஜென்டுகள் ஆல்பத்தைத் தடவிப் பார்த்து, “தாளு நல்ல கனமால்ல இருக்கு” என்று கூடுதலாகவே ஆர்டர் கொடுத்தார்கள். பாண்டிலட்சுமி கைபேசியைப் பார்த்தாள். அத்தனை ஆர்டருக்கும் தாள் கொண்டுவர வேண்டிய கப்பல் இன்னும் மடகாஸ்கரைத் தாண்டவில்லை. மறுபடியும் வாசலுக்கு நடந்தாள்.