வயிறு தைத்த பாலைமீன்

பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக்குச் சாமான் தேடிப் புத்தளம் போனேன் என்றால் சிரிப்பீர்கள். போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை போய், ஞாயிறு திரும்பினேன். சண்டை நடக்கிற நாட்டில் ஊர் சுற்றலா என்று கேட்பவர்களுக்கு: சுற்றப் போகவில்லை, ரமீசாவைக் கூட்டிவரப் போனேன்.

ரமீசாவும் நானும் குவைத்தில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தவர்கள். நான் களஞ்சியப் பொறுப்பு. அவள் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் சமையல்காரிக்குக் கையுதவி. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் தில்லையடியில் இருக்கும் குடும்பம். முதல்முறை குவைத்திலிருந்து வந்து இறங்கியபோது, சொந்த மகளே அவளைத் தாயின் தங்கை என்று நினைத்து ‘சாச்சி’ என்று கூப்பிட்டாளாம். இப்போது மகளுக்கு எட்டு வயது. திரும்பவும் போவதற்குக் கடவுச்சீட்டை முகவரிடம் கொடுத்துவிட்டு இருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் என் அலுவலகத்துக்கு வந்த பிலிப்பைன்ஸ் பொறியியலாளரின் மனைவி, தங்கள் ஊர்ச் சமையல் தெரிந்த ஆள் தேடினார். ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு விருந்து. அதற்கு ‘ரெல்யேனோ’ என்ற அடைத்துப் பொரித்த மீன் செய்துகொண்டு வரட்டும், சரியென்றால் வேலை என்றார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையிடம் போய்வரலாம். குவைத் தேவையில்லை.

கொழும்பில் காலை 5.40க்கு பஸ். புத்தளம் 130 கிலோமீற்றர் சொச்சம், 118 ரூபா. நடுவில் இரண்டு சோதனை. 9.50க்கு இறங்கினேன். ரெல்யேனோவுக்கு வேண்டியது பாலைமீன், கடலேரியில் பிடிபடுவது. சந்தைக்கும் அங்கிருந்து தில்லையடிக்கும் ஓட்டோ 150 ரூபா. ஓட்டோக்காரருக்கு என் பை பெரிய வேடிக்கை.

“பாலைமீனா? முள்ளுக்குப் பயந்து எங்கட ஆக்களே வாங்க யோசிப்பாங்க. இதுக்கா கொழும்பிலிருந்து வந்தீங்க?”

“ஓம்,” என்றேன். விளக்கினால் இன்னொரு 150 ரூபாய்க்கு ஓட வேண்டியிருக்கும்.

ரமீசாவின் சமையலறை தகரக் கூரை, ஒரு அடுப்பு. மற்றச் சாமானெல்லாம் அங்கேயே கிடைத்தது. கோழியை உள்ளி, மிளகு, சோயா சோஸ் போட்டுத் தென்னை வினாகிரியில் வேகவைத்தால் அது ‘அடோபோ’. புளியங்காய் அவித்துக் கரைத்த தண்ணீரில் இறால், முள்ளங்கி, பயற்றங்காய், கங்குன் கீரை போட்டால் ‘சினிகாங்’. “இது நம்மட புளியாணம்தான் அக்கா, மஞ்சளும் மிளகாயும் மறந்துட்டாங்க,” என்றாள். மதியம் அதையே சோற்றோடு சாப்பிட்டோம். பழுதில்லை.

ரெல்யேனோ அப்படியல்ல, பொறுமையைச் சோதிக்கும். செதில் எடுத்த மீனை அகப்பைக் காம்பால் மெதுவாகத் தட்டித் தட்டி உள்தசையை இளக்க வேண்டும். செவுள் பக்கமாக முதுகெலும்பை முறித்து, வயிற்றில் சின்னதாகக் கீறி, தோல் கிழியாமல் தசை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். தோலைச் சோயா சோஸிலும் தேசிக்காய்ப் புளியிலும் ஊறவிட்டு, தசையை அவித்து முள் பொறுக்கினாள். நான் மூக்குக்கண்ணாடியோடு உதவினேன். அவள் இருநூறு பொறுக்கினால் நான் இருபது. வெங்காயம், கரட், பட்டாணி, பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை, முட்டை எல்லாம் சேர்த்து வதக்கித் திரும்பத் தோலுக்குள் அடைத்தாள். மீன் பழையபடி மீனாகிவிட்டது. இரண்டு மீன்.

“அக்கா, தைக்கிறதையும் பொரிக்கிறதையும் கொழும்பில போய்ச் செய்வமா?” என்று கேட்டாள்.

நான்தான் வேண்டாம் என்றேன். என் அறையில் ஒற்றை காஸ் அடுப்பு, பெரிய சட்டியும் இல்லை. விடிய எழும்பித் தைத்துப் பொரித்துவிட்டால் போய் இறங்கியதும் கொடுக்கலாம் என்று பெரிய மனுசி போலச் சொன்னேன். வெள்ளை நூல் இல்லை. கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்தாள்.

ஞாயிறு காலை 6 மணி பஸ். 10.15க்குக் கொழும்பில் நிற்க வேண்டியது. சிலாபம் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ரமீசாவின் அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அவள் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஏறாமல் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு பையைத் திறந்தார்கள்.

இரண்டு மீன். வயிற்றில் கறுப்புத் தையல்.

“மீனுக்கு யார் தையல் போடுவது?” என்று சிங்களத்தில் கேட்டார் சாவடிக்குப் பொறுப்பானவர். ரமீசா நல்ல சிங்களத்தில், நிதானமாக, பிலிப்பைன்ஸ் சாப்பாடு என்று விளக்கினாள். அவர் என் பக்கம் திரும்பினார். “ஆள் யாழ்ப்பாணம், மீன் புத்தளம், சாப்பாடு பிலிப்பைன்ஸ்?” மற்றவர்கள் சிரித்தார்கள்.

கத்தியால் நூலை அறுத்திருந்தால் போதும். இரண்டையும் தலையிலிருந்து வால்வரை பிளந்து, கம்பியால் கிளறினார்கள். பட்டாணியும் பிளம்ஸும் மேசையில் சிந்தின. பஸ் எங்கள் மற்றப் பைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. எங்கேயோ தொலைபேசியில் பேசி, கொழும்பில் தங்குவதற்கு நான் பொலிஸில் செய்திருந்த பதிவைச் சரிபார்த்து விட்டபோது 10.30. அடுத்த இரண்டு பஸ் நிறுத்தவில்லை. சிந்தியதையெல்லாம் ரமீசா டப்பாவுக்குள் அள்ளி மூடியிருந்தாள். வீதியோரத்தில் அவள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

பொறியியலாளர் வீட்டுக்குப் போனபோது 2.10. விருந்தாளிகள் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு முடித்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா நல்லவர். டப்பாவைத் திறந்து, பிய்ந்த துண்டு ஒன்றை நின்றபடியே வாயில் போட்டார். “என் அம்மா செய்வதுபோலவே இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். கணவர்தான், ஒவ்வொரு வாரமும் போகவர இப்படியென்றால் எங்களுக்குச் சரிவராது என்றார். ரமீசா டப்பாவை அவர்கள் குழாயிலேயே கழுவி எடுத்துக்கொண்டாள். சித்திரையில் குவைத் போய்விட்டாள். மூன்று வருட ஒப்பந்தம்.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். விடிகாலை பஸ்ஸையே பிடியுங்கள். பாலைமீன் பத்து மணிக்குப் பிறகு மலிவு. தென்னை வினாகிரி ஒரு போத்தல் வாங்கி வையுங்கள். அட்டையும் பொலிஸ் பதிவும் கையிலேயே இருக்கட்டும். தைத்த எதையும் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, என்னைப்போல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பிழைப்பு என்றிருக்கும் ஒருத்தியோடு ஒரே பஸ்ஸில் ஏறாதீர்கள். ரமீசாவுக்குச் சிங்களம் தெரியும், கொழும்பு தெரியும், விலாசமும் கையில் இருந்தது. துணைக்கென்று போனவள் நான்.